மகள் எழுதிக் கொடுத்த திட்டம்: 45 வயதுக்கு மேல் ஓடத் தொடங்கும் அம்மா அப்பாக்களுக்கு

என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது ஓட்டப் பயிற்சியில் சேர்ந்தாள். காலை ஐந்தே முக்காலுக்குக் கோவை நேரு ஸ்டேடியத்தில் கொண்டுபோய் விடுவேன். ஏழரைக்கு அவள் முடித்து வரும்வரை கேலரியில் உட்கார்ந்திருப்பேன். ஃபிளாஸ்கில் காபி, கையில் போன், பக்கத்தில் அவளுடைய ஸ்கூல் பை. இரண்டு வருஷம் இப்படியே போனது. ஒருநாள் தண்ணீர் குடிக்க மேலே வந்தவள், "சும்மாதானேம்மா உட்கார்ந்திருக்க, இறங்கி ஒரு ரவுண்டு வாயேன்" என்றாள். அப்போது எனக்கு 47 வயது. பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர, கல்யாணத்துக்குப் பிறகு நான் ஓடியதே இல்லை.

அன்று ராத்திரி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து ஒரு திட்டம் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். ஒரு நிமிஷம் ஓட்டம், ஒன்றரை நிமிஷம் நடை, இப்படியே இருபது நிமிஷம், வாரத்துக்கு மூன்று நாள். ரொம்ப நாள் கழித்துத்தான் அந்தத் திட்டத்தின் பூர்வீகம் எனக்குத் தெரிந்தது. 'கவுச் டு 5கே' என்று பல நாடுகளில் புழங்கும் திட்டம் அது. 1996-இல் ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் தன் அம்மா ஓடப் பழகுவதற்காகப் போட்டது. ஒரு பிள்ளை தன் அம்மாவுக்கு எழுதியது, இன்னொரு பிள்ளையின் கையெழுத்தில் என் சமையலறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு நெகிழ்கிறது.

இப்போது எனக்கு 53. மகள் வேலைக்குப் போய்விட்டாள். நான் வாரத்தில் மூன்று நாள் கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் ஓடுகிறேன். "எனக்கும் ஆசையா இருக்குங்க, எங்க ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறவர்களிடம் சொல்வதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் டாக்டர்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ஓடுவது இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே அடைப்பு இருந்து, அது தெரியாமலேயே வேகமாக ஓடினால் ஆபத்து. பி.பி., சுகர், கொழுப்பு, ஹீமோகுளோபின், இ.சி.ஜி. ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ, உங்களுக்கே சுகர், பி.பி., புகைப்பழக்கம் இருந்தாலோ அதை மறைக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால் எக்கோவும் ட்ரெட்மில் டெஸ்ட்டும் எடுக்கச் சொல்வார்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் கையோடு கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓடும்போது சுகர் சட்டென்று இறங்கிவிடலாம். மாத்திரை அளவு, சாப்பிடும் நேரம் இரண்டையும் டாக்டர்தான் மாற்றித் தர வேண்டும். பாக்கெட்டில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும். பி.பி.க்கு அடெனோலால், மெட்டோப்ரோலால் எடுப்பவர்களுக்கு இதயத்துடிப்பை ஏற விடாமல் மருந்தே பிடித்து வைத்திருக்கும். அவர்கள் கைக்கடிகாரம் காட்டும் துடிப்புக் கணக்கை நம்பி வேகம் கூட்டக் கூடாது.

மூட்டு தேய்ந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. எனக்கும் இருந்தது. அளவோடு ஓடுகிறவர்களுக்கு, ஓடாதவர்களைவிட மூட்டுத் தேய்மானம் அதிகம் வருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஏற்கெனவே முழங்கால் வீங்குகிறது, படி இறங்கவே முடியவில்லை என்றால் மட்டும் எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஷூவும் உடையும்

செலவு செய்ய வேண்டியது ஷூவுக்கு மட்டும்தான். 3,000 முதல் 5,000 ரூபாய்க்குள் ஆரம்பத்துக்குப் போதுமான ஓட்ட ஷூ கிடைக்கும். சாயங்காலம் கடைக்குப் போங்கள். பகல் முழுக்க நின்று நடந்ததில் பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் உப்பும். ஓடும்போது போடப்போகிற சாக்ஸையே போட்டுப் பாருங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். கடைக்குள்ளேயே பத்தடி ஓடிப் பாருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். செருப்பு நம்பரைவிட ஷூ ஒரு நம்பர் பெரிதாக அமைவது சகஜம். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பாகம் செத்துவிடும், அப்போது மாற்றிவிட வேண்டும்.

பெண்கள் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். நான் முதல் ஆறு மாதம் பழைய சுடிதாரில்தான் ஓடினேன், துப்பட்டாவை மட்டும் வண்டியில் வைத்துவிடுவேன். உரசுகிற இடங்களில் வாசலின் தடவிக்கொண்டால் தோல் புண்ணாகாது. இன்னொன்று, வெளியே யாரும் பேசாதது: சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் ஓடும்போது கொஞ்சம் சிறுநீர் கசியலாம். இதை நினைத்துக் கூச்சப்பட்டு ஓட்டத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும். இடுப்படித் தசைக்கான பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுப்பார். பலருக்கு அதிலேயே நல்ல குணம் தெரியும்.

இடம், நேரம், வீடு

மண்பாதையோ ஸ்டேடிய டிராக்கோ கிடைத்தால் நல்லது. தார் ரோடும் பரவாயில்லை. சிமென்ட் தரை கொஞ்சம் கடினம். கடற்கரை ஊர்க்காரர்கள் உதிரி மணலில் தொடங்க வேண்டாம், குதிகால் புதையப் புதைய கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் இழுத்துக்கொள்ளும். டிராக்கில் உள்வட்டம் ஒரு சுற்று 400 மீட்டர், பன்னிரண்டரை சுற்று வந்தால் 5 கிலோமீட்டர். உள்வட்டத்தை வேகமாக ஓடும் பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு நாம் வெளி வட்டத்தில் போக வேண்டும். கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். இரண்டு சுற்று என்பதே என் கணக்கு.

வெயில் ஏறுவதற்கு முன் முடித்துவிடுங்கள். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. அங்கே இருக்கிறவர்கள் இன்னும் மெதுவாக ஓட வேண்டும். இருட்டில் ஓடினால் வெளிர் நிறச் சட்டை போடுங்கள், வண்டிகள் எதிரே வரும் பக்கமாக ஓடுங்கள், காதில் பாட்டு வேண்டாம். தெருநாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, அதன் கண்ணைப் பார்க்காமல் மெல்ல நடந்து போய்விடுங்கள்.

அப்புறம் வீடு. காலையில் ஒரு மணி நேரம் நமக்கென்று எடுத்துக்கொள்வது அம்மாக்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். டிபன், டப்பா, பால், பெரியவர்களுக்கு மாத்திரை. யாரும் அந்த நேரத்தைத் தாமாகக் கொடுக்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். செவ்வாய், வியாழன், ஞாயிறு மூன்று நாளும் காலை டிபன் அவர் பொறுப்பு என்று வீட்டுக்காரரிடம் பேசி முடித்தேன். மாவு ஃப்ரிட்ஜில் இருக்கும், சட்னி அரைத்து வைத்திருப்பேன், தோசை அவர் ஊற்றுவார். மாமியார் முதல் வாரம், "இந்த வயசுல ஓடி எதைப் புடிக்கப் போறே கண்ணு?" என்று கேட்டார். மூன்று மாதம் கழித்து மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்திருக்காமல் படுத்திருந்தபோது, அவரே வந்து, "இன்னிக்குப் போகலையா? ஒடம்பு சரியில்லையா கண்ணு?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

யாராவது பார்ப்பார்களே என்ற கூச்சம் முதல் நாலு நாள்தான். ரேஸ்கோர்ஸில் காலையில் வருகிறவர்கள் எல்லோருக்கும் அவரவர் மூச்சே பெரிய வேலையாக இருக்கும்.

ஓடும் முறை: இதை நிறுத்திப் படியுங்கள்

முதல் இரண்டு வாரம் வெறும் நடை. தினமும் முப்பது நிமிஷம், கொஞ்சம் விறுவிறுப்பாக. அது சிரமமில்லாமல் வந்த பிறகு ஓட்டம்.

ஓடுகிற நாளில் முதல் ஐந்து நிமிஷம் நடை. பிறகு ஒரு நிமிஷம் ஓட்டம், ஒன்றரை நிமிஷம் நடை என்று எட்டு தடவை. கடைசியில் ஐந்து நிமிஷம் நடந்து முடியுங்கள். அடுத்த நாள் ஓடக் கூடாது. இப்படி மூன்று நாள் ஓடினால் ஒரு வாரக் கணக்கு முடிந்தது. இரண்டாவது வாரம் ஒன்றரை நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. மூன்றாவதில் இடையிடையே மூன்று நிமிஷ ஓட்டம் வரும், நாலாவதில் ஐந்து நிமிஷம். ஐந்தாவது வாரம் மூன்றாவது நாள் ஒரே மூச்சில் இருபது நிமிஷம் ஓடச் சொல்லும் இந்தத் திட்டம். ஒன்பதாவது வாரக் கடைசியில் முப்பது நிமிஷம் நிற்காமல் ஓட வேண்டும்.

ஒன்பது வாரம் என்று இருக்கிறதே தவிர, அந்தக் கெடுவுக்குள் முடித்தாக வேண்டியதில்லை. எனக்குப் பதினேழு வாரம் ஆனது. மூன்றாவது வாரத்தையே மூன்று தடவை செய்தேன். ஒரு வாரத்தின் மூன்று நாளும் கஷ்டமில்லாமல் முடிந்தால் மட்டும் அடுத்ததற்குப் போங்கள். நாலாவதிலிருந்து ஐந்தாவதுக்குப் போவது பெரிய தாவல். நடுவில் எட்டு நிமிஷம், பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம் என்று உங்களுக்கே படி வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

வேகம்தான் முக்கியமான விஷயம். என் மகள் முதல் மாதம் என் பக்கத்திலேயே ஓடி வந்தாள். அவளுக்கு அது நடைக்குச் சமம். திடீரென்று, "அம்மா, பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு" என்பாள். ஓர் பதிமூணு பதிமூணு, ஈர் பதிமூணு இருபத்தாறு, மூணு பதிமூணு முப்பத்தொம்பது... நாலாவதுக்கு வரும்போது குரல் உடைந்துவிடும். "அப்ப வேகம் ஜாஸ்தி, குறை" என்பாள். குறைத்தால் நடக்கிறவர்களே நம்மைத் தாண்டிப் போவார்கள். போகட்டும். முழு வாக்கியம் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். தொடங்குகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் சீக்கிரமே விட்டுவிடுவதாகத்தான் என் கண்ணுக்குத் தெரிகிறது. காரணம் வயதோ எடையோ இல்லை, வேகமாக ஓடுவதுதான்.

மெதுவாக ஓடச் சொல்வதற்கு வலுவான காரணம் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், வயது கூடக்கூட இன்னும் தாமதமாகும். அதனால் ஆறாவது, ஏழாவது வாரத்தில் மூச்சு வாங்குவது நின்று, 'எல்லாம் வந்துவிட்டது' என்று தோன்றும் சமயத்தில் கால் இன்னும் தயாராகியிருக்காது. நான் அங்கேதான் தவறினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேகமாக ஓடிய இளைஞர் கூட்டம் ஒன்றோடு சேர்ந்து ஒரு முழுச் சுற்று ஓடினேன். பறந்த மாதிரி இருந்தது. மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கியபோது இடது கெண்டைக்காலில் கத்தி வைத்த மாதிரி வலி. மூன்று வாரம் ஓட முடியவில்லை. திரும்ப வந்தபோது இரண்டு வாரம் பின்னால் போய்த்தான் தொடங்கினேன்.

ஓடும் வாகைப் பற்றி நிறையச் சொல்வார்கள். எனக்குப் பயன்பட்டவை இரண்டுதான். காலை எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழும்படி வையுங்கள். கையை இறுக்க மூடாமல், பொரித்த அப்பளத்தை உடையாமல் பிடித்திருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கை தளர்ந்தால் தோளும் தளரும்.

ஓடாத நாளில்

முப்பது வயதுக்குப் பிறகு நம் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே வருகிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் வேகமாக வலு இழக்கிறது. ஓட்டம் மட்டும் இதைச் சரிக்கட்டாது. வாரத்தில் இரண்டு நாள், பதினைந்து நிமிஷம் இதற்குக் கொடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்துத் தடவை. சுவரில் கை வைத்துத் தண்டால் பத்து. வாசற்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலை ஏற்றி மெதுவாக இறக்குவது பதினைந்து. நான் குதிகால் ஏற்றுவதைச் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு செய்கிறேன். குக்கரில் மூன்று விசில் வருவதற்குள் இரண்டு காலுக்கும் முடிந்துவிடும். தோசை வேகும்வரை ஒற்றைக் காலில் நிற்பேன்.

தூக்கம் ஏழு மணி நேரமாவது வேண்டும். ராத்திரி சீரியலும் அதிகாலை ஓட்டமும் ஒன்றாகப் போகாது.

சாப்பாடு, தண்ணீர்

முப்பது நிமிஷ ஓட்டத்துக்கு விசேஷமாக எதுவும் சாப்பிட வேண்டாம். பசித்தால் அரை மணி நேரம் முன்னால் ஒரு வாழைப்பழம் போதும். ஓடி முடித்த பிறகு புரதம் சேர்ந்த டிபன் சாப்பிடுங்கள்: முட்டை, பச்சைப்பயறு, சுண்டல், அடை. வெறும் இட்லி சட்னியில் தசைக்கு வேண்டியது கிடைக்காது. ஓடுகிறோமே என்று சாப்பாட்டைக் குறைக்கவும் கூடாது. முதல் மூன்று மாதம் எடை மெஷினைப் பார்க்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

தாகத்துக்குக் குடியுங்கள். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்துதான், ரத்தத்தில் உப்பு நீர்த்துவிடும். கோடையில் வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர், எலுமிச்சை ஜூஸ், பழைய சோற்றுத் தண்ணீர், எது கிடைத்தாலும் நல்லது. சிறுநீரகக் கோளாறு, பி.பி. உள்ளவர்கள் உப்பு விஷயத்தில் டாக்டர் சொன்னபடி நடக்க வேண்டும்.

எந்த வலிக்கு நிற்க வேண்டும்

தொடை, கெண்டைக்கால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கனமாக வலித்தால் அது புதுப் பழக்கத்தின் வலி. மறுநாளும் அதற்கடுத்த நாளும் இருந்துவிட்டுப் போய்விடும். ஒரு பக்கம் மட்டும், விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்தினால் பாதத்தின் அடியில் உள்ள தசைநார் புண்பட்டிருக்கலாம். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் அழுத்தினால் வலி என்றால் ஓய்வு கட்டாயம். ஒரு வாரத்தில் குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

மூச்சு வாங்குவது வேறு, மூச்சு முட்டுவது வேறு. நெஞ்சில் பாரம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, தலைசுற்றல், கண் இருட்டுவது, குளிர்ந்த வியர்வை, இதில் எது வந்தாலும் நின்று உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, 108-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள். வாயுவாக இருக்கும் என்று நடந்தே வீட்டுக்குப் போகாதீர்கள். பாக்கெட்டில் பெயரும் வீட்டு நம்பரும் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். காய்ச்சல் நாளில் ஓடவே கூடாது.

சந்தோஷம் எப்போது வரும்

முதல் மாதம் வராது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தனக்கு மட்டும் வரவில்லை என்று நினைத்துவிடுவீர்கள். எனக்குப் பன்னிரண்டாவது வாரம் வந்தது. ராத்திரி மழை பெய்து ரேஸ்கோர்ஸ் பாதை ஈரமாக இருந்தது. மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. நாலு அடிக்கு மூச்சை இழுத்து, நாலு அடிக்கு விட்டுக்கொண்டு போனேன். எங்கோ ஓரிடத்தில் எண்ணுவதை மறந்துவிட்டேன். திரும்பப் புறப்பட்ட இடத்தின் டீக்கடை தெரிந்தபோதுதான் ஒரு சுற்று நிற்காமல் முடித்திருக்கிறேன் என்று புரிந்தது. யாருக்கும் டப்பா கட்டாமல், யாருக்கும் பதில் சொல்லாமல் இருபத்தைந்து நிமிஷம் நான் நானாக இருந்திருக்கிறேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். துக்கமெல்லாம் ஒன்றுமில்லை.

வயது போய்விட்டது என்று சொல்கிறவர்களிடம் நான் ஃபௌஜா சிங்கைப் பற்றிச் சொல்வேன். பஞ்சாபில் பிறந்து லண்டனில் வாழ்ந்தவர். 1994-இல் மகனை விபத்தில் பறிகொடுத்த துக்கத்தைத் தாங்க முடியாமல் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்ட அப்பா. 2000-இல் லண்டனில் முதல் மாரத்தான் ஓடியபோது அவருக்கு 89 வயது. 2011-இல் டொராண்டோவில் முழு மாரத்தானை முடித்தபோது 100. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. அதனால் அவருடைய ஓட்டம் குறைந்துவிடவில்லை.

முதல் ஓட்ட நிகழ்ச்சி

முப்பது நிமிஷம் ஓட முடிந்த பிறகு ஊரில் நடக்கும் 5 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் பெயர் கொடுங்கள். கோவை மாரத்தான் 2013-இல் தொடங்கியது, டிசம்பரில் நடக்கும், புற்றுநோயாளிகளுக்கு உதவுவதற்காக நடத்துகிறார்கள். சென்னை மாரத்தான் ஜனவரியில். எண் அட்டையை முன்கூட்டியே போய் வாங்கி, ராத்திரியே நாலு ஊக்கு போட்டுச் சட்டையில் குத்திவிடுங்கள். அன்றைக்குப் புது ஷூ, புதுச் சாப்பாடு எதுவும் வேண்டாம். புறப்படும் இடத்தில் கூட்டத்தின் பின்வரிசையில் நில்லுங்கள். மேளம் அடிப்பார்கள், எல்லோரும் பாய்வார்கள், உங்கள் காலும் பாயச் சொல்லும். முதல் ஒரு கிலோமீட்டர் அதைப் பிடித்து வையுங்கள். முடித்ததும் சட்டென்று உட்காராமல் பத்து நிமிஷம் நடங்கள்.

போன டிசம்பரில் மகள் லீவு போட்டு வந்தாள், இருவரும் 10 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்தோம். எட்டாவது கிலோமீட்டரில் பக்கத்தில் வந்து, "வாய்ப்பாடு?" என்றாள். பதினாறு பதிமூணு வரைக்கும் சொன்னேன்.